குன்னூர் ட்ரிப்பும் கிரிட்டிக்கல் பாத்தும்

"மச்சி, எட்டாவது செம் முடியறதுக்குள்ள எங்கயாவது போயே ஆகணும்டா." இந்த மெசேஜ் வராத வாட்ஸ்அப் குரூப் நம்ம காலேஜில் இருக்காது. கீழே வரிசையாக எமோஜி வரும், ரெண்டு நாளில் குரூப் அமைதியாகிவிடும். மூன்றாம் வருஷம் நாங்கள் அமைதியாகவில்லை. அதனால்தான் காசு போனது.

திட்டம் இதுதான்: 11 பேர், மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் குன்னூர், இரண்டு இரவு. ஊட்டி வேண்டாம் என்றோம். ரயில் பிடித்தவனுக்குக் குன்னூர்தான் ஊர். நீராவி என்ஜின் ஷெட் அங்கேதான் இருக்கிறது, ஊட்டிக்குப் போக டீசல் என்ஜின் மாட்டுவதும் அங்கேதான்.

முதலில் போட்டோவில் அழகாக இருந்த ஒரு காட்டேஜுக்கு அட்வான்ஸ் கட்டினோம். ரயிலைப் பற்றிக் கடைசியில்தான் யோசித்தோம். பார்த்தால் எல்லாம் வெயிட்டிங் லிஸ்ட், அதுவும் கிளியர் ஆகவில்லை. ஆளுக்கு 400 ரூபாய் அட்வான்ஸ் திரும்பி வரவே இல்லை.

இதில் காமெடி என்னவென்றால், அதே செமஸ்டரில் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பேப்பரில் கிரிட்டிக்கல் பாத் கணக்கை எல்லோரும் சரியாகப் போட்டிருந்தோம். கொஞ்சம் தள்ளிப்போனாலும் மொத்த ப்ராஜெக்ட்டைத் தாமதமாக்காத வேலைக்கு 'ஃப்ளோட்' இருக்கிறது என்போம். ஃப்ளோட் பூஜ்யமாக இருக்கும் வேலைகளின் வரிசைதான் கிரிட்டிக்கல் பாத். குன்னூரில் ரூம் இங்கே இல்லையென்றால் அங்கே கிடைக்கும், அதற்கு ஃப்ளோட் உண்டு. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும் வழக்கமான ரயில் நாளுக்கு ஒன்றே ஒன்றுதான், காலை ஏழு மணி வாக்கில்.

இன்னும் நாலு பெட்டி சேர்த்தால் என்ன? முடியாது. கல்லாறு தாண்டியதும் சரிவு 12.28-க்கு 1 வரை போகிறது. 100 டன் ரயில் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 8 டன் விசை அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம், அதுவும் ஈரத்தில், அந்த அளவுக்குப் பிடிக்காது. அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த ரேக் பட்டை போட்டு, என்ஜினின் பினியன் அதில் பல் பதித்து ஏறுகிறது. 'ஆப்ட்' முறை என்று பெயர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டைகள், ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் இடைவெளி வரும். எப்போதும் ஏதாவது ஒரு பல் பிடித்துக்கொண்டிருக்கும். (கியர் டிசைன் பேப்பரில் இதைச் சொல்லியிருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன்.) என்ஜின் பின்னாலிருந்து தள்ளும், எனவே கப்ளிங் விட்டாலும் பெட்டி கீழே ஓடாது. 1899-இலிருந்து குன்னூர் வரை இப்படித்தான் ஏறுகிறார்கள். மூன்று நான்கு பெட்டிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஆக, ரயிலில் சீட் கிடைக்கிற நாள்தான் ட்ரிப் நாள். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கும். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் போட முடியும், எனவே 11 பேருக்கு இரண்டு போன், இரண்டு ஆள் வேண்டும். ஒரு சிக்கல்: சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் முந்தைய நாள் இரவே கிளம்புவதால், அதன் முன்பதிவு ஒரு நாள் முன்னாடியே திறந்துவிடும். அதைப் போட்டுவிட்டு, மலை ரயிலும் கிடைத்துவிட்டதாக நினைத்து ஆடாதீர்கள்.

பாதிப் பேருக்குத்தான் கிடைத்தால்? அதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். மீதிப் பேர் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் ஏறலாம். குன்னூர்–ஊட்டி இடையே டீசல் ரயில் நாளுக்குப் பல தடவை போகிறது, அதில் எல்லோரும் சேர்ந்து போய்க்கொள்ளலாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். மழையில் மண் சரிந்தால் ரயிலே ரத்தாகும். சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை, ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள்.

டிக்கெட்டுக்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. அதை எங்கள் நெட்வொர்க் டயக்ராமில் யாருமே வரையவில்லை.

போன தடவை ஒருத்தன் "ஊர்ல ஃபங்ஷன்டா" என்று கழன்றுகொண்டான். அவனுக்குப் பதிலாக வேறு ஒருத்தனைச் சேர்த்துக்கொண்டோம். பல மாதம் கழித்து ஒரு ராத்திரி ஹாஸ்டல் மாடியில் பேசும்போதுதான் தெரிந்தது, ஃபங்ஷனே இல்லை. ஆளுக்கு 3,500 என்று முதலில் வாய் திறந்த மூணு பேர் முடிவு பண்ணியிருந்தோம். "சொல்லியிருக்கலாமேடா" என்றேன். "நீங்க எவ்வளவு முடியும்னு கேக்கவே இல்லையேடா. 'ஓகேதானே'ன்னுதான் கேட்டீங்க" என்றான்.

இந்தத் தடவை பெயர் கேட்காத ஒரு கூகுள் ஃபார்ம் போட்டோம், ஒரே ஒரு கேள்வியோடு: வீட்டில் கேட்காமல் உன்னால் எவ்வளவு முடியும்? பதில்கள் 2,000-இலிருந்து 6,000 வரை வந்தன. சராசரி எடுக்கவில்லை, 2,000-ஐ எடுத்தோம். இரண்டு இரவு ஒன்றாகியது, காட்டேஜ் டார்மிட்டரியாகியது. 6,000 போட்டது யாரோ, இதுவரை முனகவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மலை ஏறுகிறோம். அதற்கு 60 நாள் முன்னால் வருவது செவ்வாய்க்கிழமை. முதல் டிக்கெட் என் போனில். ஃபங்ஷன் என்று சொன்னவன் இப்போதே ஆறு பேரின் பெயர், வயதை ஆப்பில் சேமித்து வைத்துவிட்டான். இரண்டாவது டிக்கெட் அவன்தான் போடுகிறான்.