தட்டத் தெரிந்த கை

தம்பிக்கு,

‘கூண்டுக்குள் நான்’ என்று நீ எழுதிய கட்டுரையை வாசித்து முடித்த கையோடு எழுதுகிறேன். எம்.எம்.ஏ. (கலப்புத் தற்காப்புக்கலை) என்றால் என்ன, அது ஏன் தெருச் சண்டை இல்லை என்ற விளக்கமெல்லாம் நமக்குள் வேண்டாம். ‘கை முறிந்தாலும் முறியட்டும், தோல்வியை ஒப்புக்கொண்டு நான் தட்டமாட்டேன்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதை வாசித்ததும் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாட்சிக்குப் பிரேசில் வீரர் ஹீலியோ கிரேசியைக் கூப்பிட்டிருக்கிறாய். 1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுரா அவருடைய கையை மடக்கி முதுகுப் பக்கம் முறுக்கினார். எலும்பு முறிந்தும் ஹீலியோ தட்டவில்லை. சரி. அடுத்து நடந்ததை ஏன் விட்டுவிட்டாய்? மூலையில் நின்ற அண்ணன் கார்லோஸ் சண்டையை நிறுத்தச் சொல்லித் துவாயை எறிந்தார். 2000இல் டோக்கியோவில் சகுராபாவோடு 90 நிமிடம் மோதிய ஹீலியோவின் மகன் ஹோய்ஸ் கிரேசிக்கும் துவாய்தான் முடிவு. 2004இல் ஃபிராங்க் மிர்ரின் பூட்டில் டிம் சில்வியாவின் முன்கை முறிவதைக் கண்ட நடுவர் ஹெர்ப் டீன் பாய்ந்து நிறுத்தினார். சில்வியாவோ தனக்கு ஒன்றுமில்லை என்று வாதாடினார். நீ தட்டாவிட்டால் உனக்காக வேறொருவர் தட்டவேண்டி வரும். அந்த ஆள் ஒரு நொடி பிந்தினால் கை உன்னுடையது.

எங்கள் காலத்தில் நம் ஊர் மதுரங்குளியில் மெத்தை ஏது? தும்பு மில்லில் கழிவுத் தும்பு வாங்கி, சாக்கில் அடைத்து, மேலே படங்கு இழுத்துத் தைத்து, தென்னந்தோட்டத்து நிழலில் ஜூடோ பழகினோம். மழை பெய்தால் தும்பு ஊறி ஒரு கிழமைக்குப் புளித்த மணம். மாஸ்டர் எங்களுக்கு முதலில் பழக்கியது தட்டுவதை. எறியப் பழகியது அதற்குப் பிறகுதான். உள்ளங்கையை விரித்து, எதிராளியின் உடம்பிலே, அவனுக்கு உறைக்கிற மாதிரி இரண்டு தட்டு. கை சிக்கிவிட்டால் காலால். காலும் சிக்கினால் வாயால்.

எங்களோடு பழகிய ஒருவன் உப்பளத்தில் வேலை செய்தவன், நல்ல பலசாலி. ஒரு போட்டியில் முழங்கைப் பூட்டில் அகப்பட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். பச்சை மட்டை பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். அந்தக் கை பிறகு நேரே நீளவில்லை. உப்பு வாரும் வேலையும் அதோடு போனது. தட்டினால் விட்டுவிடுவான் என்ற நம்பிக்கையில்தானே முன்பின் தெரியாதவனிடம் கழுத்தைக் கொடுக்கிறோம்? அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் கூண்டுக்குள் நடப்பது விளையாட்டே இல்லை.

முன்மாதிரி வேண்டுமென்றால் கோலாலம்பூர் செந்தூலைச் சேர்ந்த நம் தமிழ்ப் பிள்ளை அகிலன் தாணியைப் பார். 2017 மே மாதம் சிங்கப்பூரில், 21 வயதில், அதுவரை தோல்வியே காணாமல் வந்தவர், பட்டத்துக்கான சண்டையில் பென் அஸ்க்ரனின் நெரிப்பில் முதல் சுற்றிலேயே தட்டினார். இரண்டு வருடம் கழித்து ஷாங்காயில், ஆசிய விளையாட்டில் ஜூடோ தங்கம் வென்ற அகியாமாவோடு கடைசி மணி வரை நின்று, நடுவர்கள் மூவரின் தீர்ப்பிலும் வென்றார்.

சண்டைக்காக நிறை குறைத்த கதையையும் பெருமையாக எழுதியிருக்கிறாய். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் பாலாவி மட்டும் ஓடினாயாம், நாக்கு ஒட்டியும் தண்ணீர் குடிக்கவில்லையாம். 2015 டிசம்பரில் மணிலாவில் யாங் ஜியான் பிங் என்ற 21 வயதுச் சீன வீரர் இப்படி நிறை இறக்கப் போய், கூண்டுக்குள் கால் வைக்காமலே செத்துப்போனார். அதற்குப் பிறகுதான் அந்தச் சண்டையை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பு நீரை வற்றவைத்து நிறை இறக்குவதைத் தடை செய்து, சிறுநீரைச் சோதிக்கத் தொடங்கியது. தின்று குடித்து உன் உடம்பு எந்த நிறையில் நிற்கிறதோ அந்தப் பிரிவில் சண்டை பிடி.

ஆனால் கூண்டில் முதுகு ஒட்டி நிற்பதைப் பற்றி நீ எழுதிய அந்தப் பந்தி! எதிராளியின் நெற்றி உன் தாடைக்குக் கீழே. அவன் வியர்வை உன் கண்ணில். அவன் மணிக்கட்டைப் பிடித்தபடி, அவன் மூச்சு இழுக்கிற நேரத்துக்காகக் காத்திருக்கிறாய். சனம் ஒன்றும் நடக்கவில்லை என்று கூச்சல் போடுகிறது. சண்டையே அங்கேதான் நடக்கிறது என்று காட்டிவிட்டாய். தமிழில் இந்த விளையாட்டைப் பற்றி இப்படி ஒரு பந்தியை நான் வாசித்ததே இல்லை. உன் வாப்பாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

போன சண்டையில், இரண்டாம் சுற்றில், பின்னாலிருந்து கழுத்தைப் பூட்டியபோது நீ தட்டினாய் என்று உன் கூட்டாளி சொன்னான். கட்டுரையில் அதைக் காணவில்லை. அடுத்ததாக அதை எழுது. எந்தக் கணத்தில் கை தட்டப் போனது, அவன் எப்படி விட்டான், எழும்பினதும் அவனிடம் என்ன சொன்னாய், எல்லாவற்றையும் எழுது. அச்சுக்குக் கொடுக்க முன் எனக்குக் காட்டு. வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.