மாற்றுச் சிறுநீரகத்தின் அன்றாடம்: ஒருங்கிணைப்பாளராகச் சேரும் இளம் செவிலியருக்குக் கடிதம்

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை பொதுவாக மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. புதிய சிறுநீரகம் பெரும்பாலும் அடிவயிற்றின் வலப்பக்கம், இடுப்பெலும்பின் குழிவில் வைக்கப்படுகிறது. பழுதான பழைய இரண்டும் பெரும்பாலோருக்கு இருந்த இடத்திலேயே விடப்படும். உயிருடன் இருப்பவர் கொடுத்த உறுப்பு என்றால் பல நேரம் மேசையிலேயே சிறுநீர் இறங்கத் தொடங்கும். இறந்தவரிடமிருந்து பெற்றது என்றால் சில நாள் சோம்பிக் கிடக்கலாம். அதுவரை டயாலிசிஸ் தொடரும். அறுவை அரங்கின் வேலை அத்தோடு சரி. அந்தச் சிறுநீரகம் எத்தனை ஆண்டு ஓடும் என்பதில் பெரும்பங்கு வீட்டில் நடப்பதைப் பொறுத்தது. வார்டுக்கு வெளியே நடக்கும் அந்த அன்றாடத்தைத் தெரிந்துவைத்திருப்பதுதான் ஒருங்கிணைப்பாளரின் முதல் தகுதி.

வீட்டில் நடப்பதில் முதன்மையானது மாத்திரை. 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒத்த இரட்டையர் இருவருக்கிடையே நடந்தது. பெற்றவரின் உடல் புதிய உறுப்பை அந்நியமாகக் காணவில்லை, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் தேவைப்படவில்லை. மற்ற எல்லோருக்கும் தேவை, அதுவும் உறுப்பு இயங்கும் காலம் முழுக்க. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1971இல் சிறுநீரக மாற்று நடந்த காலத்தில் அசாதயோபிரினும் ஸ்டிராய்டும்தான் கைவசம் இருந்தன. 1980களில் சைக்ளோஸ்போரின் வந்தது. இன்று பெரும்பாலோர் எடுக்கும் டாக்ரோலிமஸ், 1984இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதனுடன் மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசோலோன் ஆகிய இரண்டும் சேர்ந்ததே வழக்கமான கூட்டணி.

டாக்ரோலிமஸ் கறாரான மருந்து. அளவு குறைந்தால் உடல் புதிய உறுப்பைத் தாக்கும், கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும், கைநடுக்கமும் தரும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறுகியது. வழக்கமான வகையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சாப்பாட்டோடு ஒரே மாதிரியான இடைவெளி விட்டு எடுக்க வேண்டும். இன்று வெறும் வயிற்றில், நாளை இட்லிக்குப் பிறகு என்று மாற்றக் கூடாது. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக விழுங்குவதும் கூடாது. கடைக்காரர் “அதே மருந்துதான், கம்பெனி மட்டும் வேற” என்று கொடுத்தால், வாங்கும் முன் மருத்துவமனைக்கு ஒரு போன் செய்ய வேண்டும். கம்பெனி மாறினால் இரத்தத்தில் மருந்தின் அளவை மறுபடி பார்த்தாக வேண்டும்.

அந்த ‘லெவல்’ பரிசோதனையில்தான் அடிக்கடி கோளாறு நேர்கிறது. காலை மாத்திரைக்குச் சற்று முன், அதாவது உடலில் மருந்து மிகக் குறைந்திருக்கும் நேரத்தில், இரத்தம் எடுக்க வேண்டும். நேரம் தவறாமல் மாத்திரை எடுக்கப் பழக்கப்பட்ட நோயாளியோ எட்டு மணிக்கு வழக்கம்போல் விழுங்கிவிட்டு, பேருந்து பிடித்து, பத்து மணிக்குக் கையை நீட்டுகிறார். முடிவு பொய்யாக உயர்ந்து வரும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் உறுப்பு நிராகரிப்புக்கு வழி திறந்துவிடும். ஆகவே பரிசோதனைக்கு முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும்: நாளைக் காலை மாத்திரை பையில் வரட்டும், இரத்தம் கொடுத்த பிறகு வாயில் போகட்டும். ஊசி போடும் முன் “கடைசியாக எடுத்தது எத்தனை மணிக்கு?” என்று கேட்டு, பதிலைச் சீட்டில் குறிப்பதும் அவசியம்.

கேள்வி கேட்பதிலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது. “மாத்திரை ஒழுங்கா எடுக்கிறீங்களா?” என்று கேட்டால் “எடுக்கிறேன் சிஸ்டர்” என்ற பதிலைத் தவிர வேறு எதுவும் வராது. “நேத்து ராத்திரி எத்தனை மணிக்கு எடுத்தீங்க? அட்டையில இன்னும் எத்தனை பாக்கி?” என்று கேட்டால் உண்மை வரும். மாதக் கடைசியில் மிச்சம் பிடிக்க ஒரு வேளையை விடுபவர்கள் இருக்கிறார்கள். அதை ஒழுக்கக் குறைவாகக் கருதிப் பேசினால் அடுத்த முறை மறைப்பார்கள். பணம்தான் காரணம் என்றால் அறிவுரையால் பயனில்லை. காப்பீட்டு அட்டை என்னவாயிற்று, மாத்திரை எங்கே இலவசமாகக் கிடைக்கும் என்று விசாரிப்பதே சிகிச்சை. இளம் வயதினரிடம் காரணம் வேறாக இருக்கலாம். ஸ்டிராய்டால் முகம் ஊதுகிறது, பரு வருகிறது, எடை ஏறுகிறது. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு அது சின்ன விஷயம் அல்ல. டோஸ் குறையக் குறைய முகம் பெரும்பாலும் தேறிவிடும் என்பதை அவர் மாத்திரையை நிறுத்துவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நோயாளியின் பழக்கத்தையே தலைகீழாக்க வேண்டியிருக்கிறது. டயாலிசிஸ் காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள் அடக்கி, டம்ளரை அளந்து, நாக்கு வறண்டால் ஐஸ் துண்டைச் சப்பிப் பழகியவர் அவர். புதிய சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும்போது அவரையே தினம் இரண்டரை, மூன்று லிட்டர் குடிக்கச் சொல்கிறார்கள். பயத்தில் பலர் குடிப்பதில்லை. கொதிக்கவைத்து ஆறிய நீரைக் குறிப்பிட்ட பாட்டிலில் நிரப்பி, இத்தனை மணிக்குள் இது காலியாக வேண்டும் என்று சொன்னால்தான் நடக்கிறது. பொட்டாசியத்துக்குப் பயந்து காய்கறியை வேகவைத்து நீரை வடித்தவர்கள், இனி இளநீரும் வாழைப்பழமும் தாராளம் என்றும் நினைத்துவிடக் கூடாது. டாக்ரோலிமஸும், தொற்றுத் தடுப்புக்குத் தரும் கோட்ரைமாக்சசோலும் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை. இரத்த முடிவைப் பார்த்துத்தான் தளர்த்த வேண்டும்.

உணவில் சட்டம் எளிது: வெந்ததைச் சூடாகச் சாப்பிடலாம். காய்ச்சாத பால், பச்சைக் காய்கறி சாலட், அரைவேக்காட்டு முட்டை, கடை வாசல் பானிபூரி ஆகியவை முதல் மாதங்களில் வேண்டாம். கோயில் தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதோடு நிறுத்தலாம் என்றால் யாரும் கோபிப்பதில்லை. பம்பளிமாஸ் பழத்தைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும். கிரேப்ஃப்ரூட்டைப் போலவே அதுவும் டாக்ரோலிமஸின் அளவை ஏற்றிவிடும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று உறவினர் கொண்டுவரும் லேகியமும் கஷாயமும் பெரிய தலைவலி. எடுக்கும் மாத்திரைகளின் வேலையே அந்தச் சக்தியை அடக்கி வைப்பதுதான் என்று விளக்கினால், பெரியவர்கள்கூடப் புரிந்துகொள்கிறார்கள்.

வயிற்றுப்போக்கைச் சாதாரணமாக விடக் கூடாது. நீர் இழப்பால் சிறுநீரகம் வாடும். அதோடு, குடலில் நடக்க வேண்டிய மருந்துச் சிதைவு குறைவதால் டாக்ரோலிமஸ் லெவலும் ஏறும். இரண்டும் சேர்ந்து ஓரிரு நாளில் கிரியேட்டினினை உயர்த்திவிடும். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடித்தபடி அன்றே மருத்துவமனையை அழைக்க வேண்டும்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்கும் வழக்கம் இவர்களுக்குப் பொருந்தாது. எதிர்ப்பாற்றல் அடங்கிய உடலில் பெரிய தொற்றும் சின்னக் காய்ச்சலாகவே தலைகாட்டும். முதல் ஆறு மாதம் ஆபத்து அதிகம். கூட்டத்தில் முகக்கவசம், கொசுவலை, புறா எச்சத்திலிருந்தும் கட்டட வேலைத் தூசியிலிருந்தும் விலகல் ஆகியவை அப்போது கட்டாயம். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் போடக் கூடாது. இன்ஃப்ளூயன்சா, நிமோகாக்கஸ் போன்ற மற்றவற்றை மருத்துவர் சொல்லும் காலத்தில் போடலாம்.

ஊரில் வேறு டாக்டரிடம் போகும்போது நேரும் விபத்துகள் தனிக் கதை. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை அடிக்கும். தொண்டைப் புண்ணுக்குக் கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்குப் புளுகோனசோல் இரண்டும் டாக்ரோலிமஸை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான பெனிட்டாயின் இரண்டும் அதை இறக்கும். நோயாளிக்கு இந்தப் பட்டியல் மனப்பாடமாக வேண்டியதில்லை. “சிறுநீரக மாற்று செய்தவர், புது மருந்து தரும் முன் இந்த எண்ணை அழைக்கவும்” என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய சீட்டு ஒன்று சட்டைப்பையில் இருந்தால் போதும்.

தினசரிக் கணக்குக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: காலை எடை, இரு வேளை இரத்த அழுத்தம், காய்ச்சல், தொடக்க வாரங்களில் குடித்த நீரும் கழித்த சிறுநீரும். ஸ்டிராய்டும் டாக்ரோலிமஸும் புதிதாகச் சர்க்கரை நோயைக் கொண்டுவரலாம் என்பதால் சர்க்கரையும் பார்க்க வேண்டும். காலையில் எடுத்த ஸ்டிராய்டு பிற்பகலில்தான் சர்க்கரையை ஏற்றும், வெறும் வயிற்று அளவு ஏமாற்றும். இரண்டு நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையல்ல, தேங்கிய நீர். டயாலிசிஸுக்காகச் செய்த ஃபிஸ்டுலா உள்ள கையில் இரத்த அழுத்தப் பட்டை கட்டுவதோ ஊசி போடுவதோ மாற்றுக்குப் பிறகும் கூடாது. வயிற்றுத் தசை ஆறும் வரை, அதாவது ஆறு முதல் எட்டு வாரம், தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. சிறுநீர்க் குழாயின் உள்ளே விட்ட டி.ஜே. ஸ்டென்ட்டைச் சில வாரங்களில் எடுக்க வேண்டும். அந்தத் தேதி டிஸ்சார்ஜ் நாளிலேயே நோட்டில் ஏறிவிட வேண்டும், மறந்துபோனால் கல் படியும்.

நிராகரிப்பு பெரும்பாலும் வலிக்காது. கிரியேட்டினின் ஏறுவதுதான் முதல் அடையாளம். அதனால்தான் 2009இல் வெளியான கே.டி.ஐ.ஜி.ஓ. (சர்வதேசச் சிறுநீரக நோய் அமைப்பு) வழிகாட்டுதல், இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை வாரம் இரண்டு மூன்று முறை, இரண்டு மூன்றாம் மாதங்களில் வாரம் ஒருமுறை, ஆறாம் மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டு முடியும்வரை மாதம் ஒருமுறை, அதன் பின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரியேட்டினினைப் பார்க்கச் சொல்கிறது. இரண்டாம் ஆண்டில் நோயாளி வேலைக்குப் போவார், பசி நன்றாக எடுக்கும், செக்கப் தள்ளிப்போகும். புதிய ஒருங்கிணைப்பாளர் வராதவர்களின் பட்டியலைத்தான் முதலில் எடுக்க வேண்டும். வந்து உட்கார்ந்திருப்பவர்களால் அவ்வளவு கவலையில்லை. கல்யாணம், குழந்தை என்ற பேச்சு வந்தால் பெண்களுக்கு மைக்கோஃபீனோலேட்டை மாற்ற வேண்டும். அது கருவைப் பாதிக்கும். கருத்தரிக்கக் குறைந்தது ஆறு வாரம் முன்பே மருத்துவர் அதை நிறுத்தி வேறு மருந்து தருவார். பேச்சை எடுக்க நோயாளி கூசுவார், செவிலியர்தான் எடுக்க வேண்டும்.

உயிருடன் கொடை தந்தவர் பெரும்பாலும் தாயாகவோ மனைவியாகவோ இருப்பார்; மாத்திரை எடுத்துக் கொடுப்பவரும் அவராகவே இருப்பார். அவருக்கும் இப்போது ஒரு சிறுநீரகம்தான். ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றையும் அவருக்கும் பார்க்க வேண்டும். தனியாக வரச் சொன்னால் வர மாட்டார். மகனுக்கோ கணவருக்கோ துணையாக வரும் நாளிலேயே அவர் பெயரிலும் ஒரு சீட்டு எழுதிவிடுவது நல்லது.