குளிர் மலையில் மஞ்சள் வளர்ப்போம்

2019 டிசம்பரில் மஞ்சள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும் நடந்ததை நாம் மறக்கவில்லை. சில நூறு ரூபாய்க்கு விற்ற ஒரு கிலோ, 2020இல் ஆயிரக்கணக்கில் ஏறியது. அரிசிமா கலந்த தூளும் கடைக்கு வந்தது. "நம்ம லயத்துப் பக்கம் மஞ்சள் வருமா?" என்று பலர் கேட்கிறார்கள். வரும், ஆனால் குருணாகல் பக்கம் வருகிற மாதிரி தானாக வராது.

மஞ்சள் வெப்பநாட்டுப் பயிர். 20 முதல் 30 பாகை சூடு அதற்குப் பிடிக்கும். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் பக்குவம் பார்த்தால் எடுக்கலாம். நுவரெலியாவில் சராசரிச் சூடே 16 பாகைதான்; ஜனவரி, பெப்ரவரியில் உறைபனியும் விழும். அங்கே வீட்டுத் தேவைக்கு ஒன்றிரண்டு சாக்கு வைத்துப் பார்க்கலாம், விற்பனைக்கென்று காசு போட வேண்டாம்.

முதல் காரியம் விதை. கடையில் விற்கும் காய்ந்த மஞ்சள் அவித்துக் காயவைத்தது. அது எந்தக் காலமும் முளைக்காது. பச்சைக் கிழங்குதான் வேண்டும். மரக்கறி லொறியில் பேலியகொடை மெனிங் சந்தைக்குப் போய்வருகிற நம் ஆட்களிடம் சொல்லி வைக்கலாம்.

குளிர்ந்த மண்ணில் போட்ட கிழங்கு முளைக்காமல் கிடந்து அழுகும். ஆகவே பெப்ரவரிக் கடைசியில் ஒரு பெட்டியில் ஈரத் தும்புத்தூள் பரப்பி, கிழங்கைப் புதைத்து, அடுப்பங்கரையில் வையுங்கள். நெருப்புக்கு மிகக் கிட்ட வேண்டாம். கை வைத்தால் இதமாக இருக்கிற இடம் போதும். தும்புத்தூளைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. முளை நன்றாகத் தெரிந்ததும், ஏப்ரல் மழையோடு உரச்சாக்கில் நடுங்கள்.

சாக்கு எதற்கு? சரிவில் தோண்டிய மண் மழைக்கு ஆற்றோடு போய்விடும். அதோடு, ஆடிக் காற்றும் மூடுபனியும் வரும்போது சாக்கை இஸ்தோப்புச் சுவரோரம் நகர்த்தி வைக்கலாமே! அடியில் ஓட்டை போடுங்கள். மண்ணோடு மக்கிய மாட்டெருவும் கொஞ்சம் மணலும் சேருங்கள். தகரக்கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் மட்டும் வைக்க வேண்டாம்.

கீழ்நாட்டில் 8, 9 மாதத்தில் தோண்டுவார்கள். நமக்கு 10 மாதமும் செல்லும். இலை பழுத்துச் சாயும்வரை அவசரப்படாதீர்கள். நல்ல கிழங்கில் கொஞ்சத்தை விதைக்கு ஒதுக்கி, மீதியை மெதுவாகும்வரை அவித்து, 10, 15 நாள் வெயிலில் காயவையுங்கள். ஐந்து கிலோ பச்சைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தேறும்.

இன்னொன்று. கவ்வாத்துக் கத்தி வெட்டின காயத்தில் மஞ்சளை அப்பிவிட்டு மலைக்குப் போகிறவர்கள் இன்னும் உண்டு. அப்படிச் செய்யாமல் சுத்தத் தண்ணீரில் கழுவி, டிஸ்பென்சரியில் காட்டி, ஏற்பூசி பற்றிக் கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறவர்கள் மஞ்சளை மருந்தாகக் குடிக்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும். கறிக்குப் போடுகிற அளவுக்குப் பயமில்லை.