வெங்காயத் தோல் நிற்கும், பீட்ரூட் நிற்காது

கேள்வி: குன்னூரில் நாங்கள் எட்டுப் பேர் சனிக்கிழமைதோறும் ஒருவர் வீட்டில் கூடி ஸ்வெட்டர், குல்லா, சால்வை பின்னுகிறோம். கடை நிறங்கள் அலுத்துப்போய், போன மாதம் நூலுக்கு நாங்களே சாயம் போட்டோம். பீட்ரூட்டையும் மஞ்சள் தூளையும் தனித்தனியே கொதிக்கவைத்து, வினிகரும் கல்லுப்பும் சேர்த்தோம். பீட்ரூட் நிறம் இரண்டு அலசலில் போய்விட்டது. மஞ்சள் போட்ட நூல் சோப்புப் பட்டதும் சிவப்புத் திட்டுகளாக மாறியது. ஒருவர் கொண்டுவந்த நூலில் சாயமே ஏறவில்லை. இன்னொருவருடையது இறுகிக் கட்டியாகிவிட்டது. எங்கே தவறினோம்? பிள்ளைகளும் கூட இருப்பார்கள், ஆபத்தில்லாத வழியாகச் சொல்லுங்கள்.
– வாசகி, குன்னூர்

பதில்: முதலில் நூலைப் பார்ப்போம். ‘உல்லன் நூல்’ என்று கடைகளில் விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். அதில் இந்தச் சாயங்கள் எதுவும் ஏறாது. ஒரு சிறு துண்டைக் கத்தரித்து, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். கம்பளியானால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். பருத்தியில் காகிதம் எரியும் வாசனை. சாயம் ஏறாத நூல் எதுவென்று இதிலேயே தெரிந்துவிடும்.

வினிகர் யோசனை ‘ஆசிட் டை’ எனப்படும் செயற்கைச் சாயங்களுக்கு உரியது. அவை கம்பளியில் பிடிக்க அமிலம் வேண்டும். பீட்ரூட்டின் நிறப்பொருளோ எதைச் சேர்த்தாலும் இழையில் தங்காது. அதைச் சமையலுக்கே விட்டுவிடுங்கள். மஞ்சள் ஒட்டும், ஆனால் வெயிலில் வேகமாக வெளுக்கும். சோப்பின் காரம் பட்டால் சிவக்கும். குங்குமம் செய்யும்போது சுண்ணாம்பு சேர்ந்து மஞ்சள் சிவக்கிறதே, அதே வேதியியல்தான். திட்டு விழுந்த நூலை எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் முக்குங்கள், மஞ்சள் திரும்பிவிடும்.

தாவரச் சாயம் நிற்பதும் போவதும் பெரும்பாலும் சாயப் பானைக்கு முந்திய வேலையில்தான் இருக்கிறது. அந்த வேலையைச் செய்வது படிகாரம். சாயத்துக்கும் இழைக்கும் நடுவே நின்று இரண்டையும் பிணைப்பது அதுதான். உலர்ந்த கம்பளி நூல் 500 கிராமுக்குப் படிகாரத் தூள் 60 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். நூலைச் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடங்களில் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் அங்கே வெள்ளைப் பட்டை விழும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு படிகாரத் தண்ணீரில் இறக்கி, மெல்ல 85 டிகிரி வரை ஏற்றி, ஒரு மணி நேரம் அந்தச் சூட்டிலேயே வைத்திருங்கள். அடுப்பை அணைத்துப் பானையிலேயே இரவு முழுக்க ஆறவிடுங்கள். குன்னூர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கம்பளிக்கு அந்தக் கொதிகூட வேண்டாம்.

உங்களில் ஒருவரது நூல் இறுகியதற்கும் இங்கேதான் காரணம். சூட்டிலிருந்து நேராகக் குளிர்ந்த தண்ணீருக்குப் போனாலோ, கொதியில் கிளறினாலோ, கம்பளி இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதைத் திரும்பப் பிரிக்க வழியே இல்லை. கரண்டியால் மெதுவாக அழுத்திவிட்டால் போதும், கிண்டாதீர்கள்.

தொடக்கத்துக்கு நான் சொல்வது வெங்காயத் தோல். நூலின் எடைக்கு எடை வேண்டும். அரைக் கிலோ தோல் என்பது பெரிய சாக்கு நிறைய. தனியாளுக்கு அது மலைப்பு. எட்டு வீடும் சேர்ந்தால், காய்கறிக் கடையிலும் சொல்லிவைத்தால், சில வாரங்களில் சேர்ந்துவிடும். ஒரு மணி நேரம் வேகவைத்து வடிகட்டிய சாற்றில் படிகாரம் ஏறிய நூலைப் போட்டால், பொன்னிறம் முதல் செம்பழுப்பு வரை வரும்.

சிவப்பு வேண்டுமென்றால் மஞ்சிட்டி. நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். பொடியைத் துணியில் முடிந்து போடுங்கள், இல்லாவிட்டால் துகள் நூலுக்குள் புகுந்து வெளியே வராது. சூடு 70 டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் சிவப்பு பழுப்பில் போய் முடியும். கால்சியம் இருக்கும் தண்ணீரில்தான் மஞ்சிட்டி நன்றாகச் சிவக்கும். மலைத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர், ஆகவே ஒரு சிட்டிகை சுண்ணாம்புக்கல் பொடி சேர்த்துப் பாருங்கள்.

பருத்தி நூலுக்குப் படிகாரம் மட்டும் போதாது, அதற்கு முன் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சாயத் துணிகளின் சிவப்பும் இந்த வரிசையில் வந்ததுதான்: கடுக்காய், படிகாரம், பிறகு சாயவேர்.

பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு வேலை கொடுங்கள். கேசரி பவுடரில் உள்ள நிறங்கள் வேதியியலில் ஆசிட் டை வகை. கம்பளியைப் பொறுத்தவரை வினிகர் உண்மையில் பயன்படும் இடம் இதுதான். பவுடரைக் கரைத்து வினிகர் விட்டு, ஈர நூலில் அவர்கள் விருப்பம்போல் ஊற்றட்டும். பிறகு பெரியவர்கள் அரை மணி நேரம் ஆவியில் வைத்தெடுங்கள். வெயிலில் கொஞ்சம் வெளுக்கும், அலசலில் அவ்வளவாகப் போகாது.

‘இயற்கைச் சாயம்’ என்ற பெயரை நம்பி மயில்துத்தத்தையும் குரோம் உப்பையும் வீட்டுக்குள் விடாதீர்கள். இரண்டும் நஞ்சு. படிகாரத் தூளை அளக்கும்போதும் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். எவர்சில்வர் பானை ஒன்றைச் சாயத்துக்கென்றே ஒதுக்கிவையுங்கள், அதில் மறுபடி சமைக்க வேண்டாம். துருப்பிடித்த பாத்திரம் நிறத்தையே கறுக்கடித்துவிடும். மிஞ்சிய சாயத் தண்ணீரில் இன்னொரு சிட்டம் வெளிர்நிறமாக எடுக்கலாம், படிகாரத் தண்ணீரையும் மறுபடி பயன்படுத்தலாம். ஓடையில் மட்டும் ஊற்றாதீர்கள். சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்துத்தான் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நம் அளவு சிறியதுதான்; ஆனாலும் மலையில் ஊற்றுவது கீழே யாரோ குடிக்கும் தண்ணீரில்தான் போய்ச் சேரும்.

ஒரு சால்வைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே பானையில் போடுங்கள். அளவும் பொருளும் மாறாவிட்டாலும் அடுத்த பானையின் நிறம் சற்று விலகித்தான் வரும். தவிர்க்க முடியாமல் இரண்டு பானையாகிவிட்டால், இரண்டு வரிசை ஒரு உருண்டையிலும் அடுத்த இரண்டு வரிசை மற்றதிலுமாக மாற்றி மாற்றிப் பின்னுங்கள். நிறம் மாறும் இடம் கண்ணுக்குத் தெரியாது.