மலையேற்றப் பந்தயமும் மின்காரும்

சித்திரை மாதத்தில் நுவரெலியா வசந்தகால விழாக் கோலம் பூணுவதும், அவ்விழாவின் ஓர் உறுப்பாக மோட்டார்ப் பந்தயங்கள் நிகழ்வதும் மலைநாட்டார் யாவரும் அறிந்தவை. கந்தப்பளைக்கு அயலேயுள்ள மகாகஸ்தோட்டையில் நடைபெறும் மலையேற்றப் பந்தயம் 1934 ஆம் ஆண்டில் தொடங்கியது. இந்நாட்டின் மோட்டார்ப் பந்தயங்களுள் மிகப் பழையவற்றுள் அஃது ஒன்றாகும். தேயிலைச் சரிவுகளுக்கிடையே வளைந்தேறும் வீதியிற் கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, மணிக்கூட்டோடு போட்டியிட்டு மேலே செல்கின்றன. முந்திச் செல்வதற்கு முன்னால் வேறொரு காரில்லை; ஏற்றமும் வளைவும் நேரமுமே எதிரிகள்.

மின்கார்கள் நம் வீதிகளிற் பெருகிவரும் இக்காலத்தில், அவை இத்தகைய பந்தயத்துக்கு உதவுமா என்னும் வினா எழுவது இயல்பே. ஒரு சாரார், எஞ்சினின் முழக்கமற்ற கார் பந்தயக் காரே அன்று என்பர். மற்றொரு சாரார், பெற்றோலின் காலம் முடிந்தது, இனி எல்லாப் பந்தயமும் மின்சாரத்துக்கே என்பர். இவ்விரு கூற்றுக்களையும் கணக்கினாலும் பிற நாட்டார் பெற்ற அனுபவத்தினாலும் ஆராய்வதே எம் நோக்கம். மின்கலவடுக்கிலுள்ள சக்தியால் மட்டும் ஓடும் காரையே ஈண்டு மின்கார் என்கின்றோம். எஞ்சினும் மோட்டாரும் கலந்த கார்கள் இதில் அடங்கா. நம் தோட்டப்புற இளைஞர் பலர் கராஜ் வேலையையே பிழைப்பாகக் கொண்டிருத்தலின், இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கைப் பற்றியதாகாது.

பழைய வரலாறு

மின்கார் பந்தயக் களத்துக்குப் புதியதன்று. பிரான்சு நாட்டில் 1898 ஆம் ஆண்டு நவம்பர் 27 ஆந் திகதி சாந்தலூ என்னும் இடத்தில் நிகழ்ந்த மலையேற்றப் போட்டியில் வென்றவர் கமீல் ஜெனட்சி என்பவர். அவர் ஓட்டியது மின்கார். அடுத்த ஆண்டு ஏப்பிரில் 29 ஆந் திகதி, அவரே தமது மின்காரில் மணிக்கு 105.88 கிலோமீற்றர் வேகத்தை எட்டினார். வீதி வாகனம் ஒன்று மணிக்கு 100 கிலோமீற்றரைக் கடந்தது அதுவே முதன்முறை. அக்காலத்து ஈயமின்கலங்கள் நிறை மிகுந்தவை. அவை தேக்கிய சக்தியோ சிறிது. பந்தயத் தூரங்கள் நீண்டபொழுது பெற்றோல் எஞ்சின் முந்திற்று. மின்கார் நெடுங்காலம் மறைந்தது. குறுகிய ஏற்றத்தில் வென்றதும் நெடுந்தூரத்தில் தோற்றதும் ஒரே காரணத்தால் என்பதை மாணவர் கருத்திற் கொள்ளல் வேண்டும். அக்காரணம் இன்றும் நீங்கவில்லை.

சக்திக் கணக்கு

ஒரு கிலோகிராம் பெற்றோலில் ஏறத்தாழ 12 கிலோவாற்று மணிச் சக்தி அடங்கியுள்ளது. இக்கால லிதியம் மின்கலவடுக்கு, உறை முதலியவற்றோடு சேர்த்து நிறுத்தால், கிலோகிராமுக்குச் சுமார் 0.15 கிலோவாற்று மணியே தேக்கும். போர்முலா வன் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 305 கிலோமீற்றர் ஓடும் அப்பந்தயத்துக்கு 2019 முதல் 2025 வரை 110 கிலோகிராம் எரிபொருள் அனுமதிக்கப்பட்டது. அவ்வெஞ்சின்களின் வினைத்திறன் நூற்றுக்கு 50 என்று கொண்டால், சில்லுகளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 660 கிலோவாற்று மணி. இதனை மின்கலவடுக்கில் தேக்க வேண்டுமாயின், மோட்டாரின் சிற்றிழப்பைக் கருதாது விட்டாலும், 4,400 கிலோகிராம் நிறை வேண்டும். காரும் ஓட்டுநரும் சேர்ந்தே ஏறத்தாழ 800 கிலோகிராமாய் இருந்த களத்தில் இது நடவாத காரியம்.

மின்கார்களுக்கென அமைந்த போர்முலா ஈ பந்தயத்தின் வரலாறு இதற்குச் சான்று. அதன் முதற் போட்டி 2014 ஆம் ஆண்டு செப்தெம்பர் 13 ஆந் திகதி பெய்ஜிங் நகரில் நிகழ்ந்தது. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அப்போட்டியில் மகிந்திரா அணிக்காக ஓட்டி ஐந்தாமிடம் பெற்றார். அந்நாளில் 28 கிலோவாற்று மணி மின்கலவடுக்கு ஒரு பந்தயம் முழுவதற்கும் போதாமையால், ஒவ்வோர் ஓட்டுநருக்கும் இரண்டு கார்கள் வேண்டியிருந்தன. நடுவில் ஒன்றைவிட்டு இறங்கி மற்றொன்றில் ஏறினர். 2018 ஆம் ஆண்டு டிசெம்பரில் தொடங்கிய பருவத்திலேதான் ஒரே காரில் முழுப் பந்தயத்தையும் ஓடி முடித்தனர். 2023 இல் வந்த மூன்றாந் தலைமுறைக் கார், பந்தயத்திற் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கைத் தடுப்புப் பிடிக்கும்போது மீட்டுக்கொள்கிறது என்று அதனை அமைத்தோர் கூறுவர். இத்துணை முன்னேற்றத்தின் பின்னரும் அப்பந்தயம் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டதாகவே அமைக்கப்பட்டது.

இனி மலையேற்றத்தைக் கணிப்போம். ஒரு கிலோமீற்றர் நீளமும் 100 மீற்றர் ஏற்றமும் உடைய வீதியொன்றைக் கற்பனை செய்க. ஓட்டுநரோடு 1,200 கிலோகிராம் நிறையுள்ள கார் அவ்வுயரத்தை ஏறுவதற்குப் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை 0.33 கிலோவாற்று மணி மட்டுமே. ஒரு நிமிடம் முழுவதும் 200 கிலோவாற்று வலுவை இடையறாது பயன்படுத்தினாலும் செலவாவது 3.3 கிலோவாற்று மணி. அதற்கு 22 கிலோகிராம் மின்கலவடுக்கே போதும் என்று தோன்றும்.

ஈண்டு மாணவர் சக்திக்கும் வலுவுக்குமுள்ள வேறுபாட்டை மறத்தலாகாது. தொட்டியில் எவ்வளவு நீர் உண்டு என்பது சக்தி; குழாய் வழியே எவ்வளவு விரைவாக அது பாயும் என்பது வலு. சிறிய மின்கலவடுக்கு ஒரு நிமிடத்தில் தன் சக்தி முழுவதையும் கொட்டிவிட இயலாது. கொட்டினால் அளவு கடந்து சூடாகும். ஆகவே மலையேற்றக் காருக்குச் சக்தி மிகுதியால் அன்றி வலு மிகுதியாலேயே பெரிய மின்கலவடுக்கு வேண்டும். விரைந்து வலு தரவல்ல கலங்களாயின் 20 கிலோவாற்று மணி அளவே போதியது. அதன் நிறை சுமார் 130 கிலோகிராம். இது காரொன்று சுமக்கக்கூடிய பாரமே. நெடும்பந்தயத்துக்கு வேண்டிய 4,400 கிலோகிராமோடு இதனை ஒப்பிட்டால், மின்காருக்கு உரிய களம் யாது என்பது தெளிவாகும்.

உயரம் செய்யும் உதவி

மலைநாட்டில் மின்காருக்கு மற்றொரு நன்மையும் உண்டு. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் வளியின் அமுக்கம் கடற்கரையில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கே. ஆகவே எஞ்சின் ஒவ்வொரு தடவை மூச்சிழுக்கும்போதும் ஒட்சிசன் குறைவாகவே கிடைக்கும். கொழும்பில் 100 குதிரைவலு தரும் சாதாரண எஞ்சின் இங்கே சுமார் 80 குதிரைவலுவே தரும். வளியை அமுக்கி ஊட்டும் டர்போ பொறி இக்குறையைப் பெரும்பாலும் ஈடு செய்யும். மின்மோட்டாருக்கோ வளி தேவையில்லை. அன்றியும், அது நின்ற நிலையிலேயே முழு முறுக்கத்தையும் தரவல்லது. கூரிய வளைவில் வேகந் தணிந்து மீண்டும் விரைந்தேறும் மலைப்பாதையில் இவ்வியல்பு பெரிதும் பயன்படும்.

இவ்வுண்மையை உலகம் கண்டது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் பைக்ஸ் பீக் மலையிலாகும். அங்கே பந்தயம் 2,862 மீற்றர் உயரத்தில் தொடங்கி, 156 வளைவுகளைக் கடந்து, 4,302 மீற்றர் உச்சியில் முடிகிறது. தூரம் ஏறத்தாழ 20 கிலோமீற்றர். 2015 இல் றைஸ் மில்லன் ஓட்டிய மின்கார், அங்கே எல்லாக் கார்களையும் வென்ற முதல் மின்காராயிற்று. 2018 ஆம் ஆண்டு யூன் 24 ஆந் திகதி ரொமெயின் டுமா வொக்ஸ்வாகன் மின்காரில் 7 நிமிடம் 57.148 செக்கனில் உச்சியை அடைந்தார். செபஸ்தியன் லோப் 2013 இற் பெற்றோல் காரில் நிலைநாட்டிய 8 நிமிடம் 13.878 செக்கன் என்னும் சாதனை அதனால் முறியடிக்கப்பட்டது. டுமாவின் காரைவிட வலுமிக்க பெற்றோல் கார்கள் உண்டு. எனினும் இறுதி வளைவு வரை தன் வலு குன்றாமை அதன் சிறப்பாகும்.

ஆபத்தும் காப்பும்

நன்மைகளையே கூறி நிறுத்துதல் ஆராய்ச்சியாகாது. மின்கலவடுக்கில் தீப்பற்றினால் அதனை அணைத்தல் அரிது. மேலே அணைந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே சூடு பரவி மீண்டும் எரியக்கூடும். 2019 மார்ச்சில் ஸ்பெயின் நாட்டு ஜெரெஸ் ஓடுகளத்தில் இரவில் மூண்ட தீயால், முதற் பருவம் தொடங்குமுன்பே மின் மோட்டார்ச் சைக்கிள்கள் அனைத்தும் எரிந்தழிந்தன. 2023 யூலையில் இங்கிலாந்தின் லிடன் ஹில் களத்திலும் ஓர் அணியின் இரு மின்கார்கள் தீக்கிரையாயின. அதன் விளைவாக உலக ரலிகுறொஸ் போட்டியில் மின்கார் ஓட்டம் இடைநிறுத்தப்பட்டு, 2024 இல் மின்கார்களும் எரிபொருட் கார்களும் ஒருங்கே ஓடின.

ஆகவே மின்கார் ஓடும் களத்தில் நீர் வசதியும், உயர் மின்னழுத்தத்தைக் கையாளப் பயின்ற பணியாளரும், மின்காப்புக் கையுறைகளும் இன்றியமையாதவை. விபத்துக்குள்ளான காரைத் தொடலாமா என்பதைக் காட்டும் விளக்கு போர்முலா ஈ கார்களிற் பொருத்தப்பட்டுள்ளது. அத்தகைய ஏற்பாடு இங்கும் வேண்டும். ஓசையின்மையும் ஓர் ஆபத்தே. நம்மவர் வீதியோரக் கரைகளில் நின்றே பந்தயம் பார்ப்பர். எஞ்சின் முழக்கத்தைக் கேட்டு ஒதுங்குதல் அவர்க்கு வழக்கம். மின்கார் வருமுன் ஊதுகுழல் ஒலித்து எச்சரித்தல் தகும்.

பொருளாதாரத் தடையும் சிறிதன்று. 2023 ஆம் ஆண்டு பெப்ரவரி 11 ஆந் திகதி ஐதராபாத் நகரில், ஹுசைன் சாகர் ஏரிக்கரை வீதிகளில், இந்தியாவின் முதலாவது போர்முலா ஈ பந்தயம் நிகழ்ந்து, சான் எரிக் வேர்ன் வெற்றி பெற்றார். 2024 இல் நிகழவிருந்த இரண்டாம் பந்தயமோ, மாநில அரசு மாறிய பின்னர் கைவிடப்பட்டது. கார் ஓடியது, அமைப்பு நிலைக்கவில்லை. பெருஞ்செலவிற் கட்டும் களம் பிறர் தயவில் நிற்பது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

எம் களத்துக்கு ஏற்ற முறை

அத்தகைய பெருஞ்செலவு நமக்கு வேண்டியதில்லை. 2014 ஆம் ஆண்டை அடுத்து இந்நாட்டிற் பல நிசான் லீஃப் கார்கள் இறக்குமதியாயின. அவற்றின் தொடக்க வகையில் மோட்டாரின் வலு 80 கிலோவாற்று. மின்கலவடுக்கு 24 கிலோவாற்று மணி. அவற்றுட் பல இன்று மின்கலம் தளர்ந்து, நெடும் பயணத்துக்கு உதவாதவை எனக் கழிக்கப்படும் நிலையில் உள்ளன. ஆனால் 80 கிலோவாற்று வலுவில் ஒரு நிமிடம் ஏறுவதற்கு வேண்டியது 1.3 கிலோவாற்று மணியே. ஒரு நாளில் நான்கு தடவை ஏறினாலும் 5.3 கிலோவாற்று மணிதான். மின்கலவடுக்கு தன் கொள்ளளவிற் பாதியை இழந்திருப்பினும் இது கிடைக்கும். வீட்டு மின்னிணைப்பில் 3 கிலோவாற்று வீதம் ஏற்றினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஈடாகும். மேலேறிய கார் மீண்டும் இறங்கி வரும்போது ஒரு பகுதி சக்தியைத் திருப்பியும் பெறும். தளர்ந்த கலம் முழு வலுவையும் தராது விடலாம் என்பது உண்மை. அதனை அளந்தே அறிதல் வேண்டும்.

இத்தகைய கார் நல்ல பெற்றோல் காரை வெல்லாது. 1½ தொன் நிறையும் 80 கிலோவாற்று வலுவும் அதற்கு இடந்தாரா. எனவே மின்கார்களுக்குத் தனி வகுப்பு வேண்டும். எஞ்சின் கொள்ளளவைக் கொண்டு வகுக்கும் முறை மின்காருக்குப் பொருந்தாது. வலுவையும் நிறையையும் ஒப்பிட்டு வகுத்தலே நீதி.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்கலாம். 2022 இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் நிரையில் நின்றதை நம்மில் எவரும் மறக்கவில்லை. பெற்றோல் கடல் கடந்து வருவது. லக்சபானவிலும் மேல் கொத்மலையிலும் பிறக்கும் மின்சாரமோ இம்மலைகளின் மழைநீரால் வருவது. எனினும் சித்திரை மாதம் நீர்த்தேக்கங்கள் வற்றியிருக்கும் காலம். நுரைச்சோலை நிலக்கரியும் அப்போது கைகொடுக்கிறது. ஆதலால் மின்கார் முற்றும் மாசற்றது என்று பறைசாற்றுதல் பொருந்தாது. அதன் தேவை சிறிது என்பதே உண்மை.

முடிவாக எம் கருத்து இது. நெடுந்தூரப் பந்தயத்தில் மின்கார் இன்னும் நெடுங்காலம் பெற்றோல் காருக்கு ஈடாகாது. குறுகியதும் செங்குத்தானதும் உயரமானதுமான பாதையிலோ அது இன்றே நடைமுறைக்கு உகந்தது. நம் வாயிலில் அமைந்த களம் அத்தகையதே. பொறியியல் துறையிலும் கராஜ் தொழிலிலும் உள்ள பழைய மாணவர், கல்லூரியின் பௌதிக ஆசிரியரோடும் உயர்வகுப்பு மாணவரோடும் கூடிப் பழைய மின்கார் ஒன்றைப் பெற்று, மூன்று அளவுகளை எடுத்தல் தகும்: ஏறுமுன்னும் ஏறியபின்னும் மின்கலத்தின் வெப்பநிலை, ஒவ்வோர் ஏற்றத்துக்கும் செலவான சக்தி, தளர்ந்த கலம் தரக்கூடிய மிகக்கூடிய வலு. மின்னழுத்தம் உயிர்க்கொல்லி ஆதலின், பயின்றோர் முன்னின்றே இதனைச் செய்தல் வேண்டும். இவ்வளவுகளோடு பந்தய அமைப்பாளரிடம் சென்று தனி வகுப்புக் கேட்டால், கேட்பதற்கு ஆதாரம் இருக்கும். பந்தயத்தில் எவர் வென்றாலும், உயர் மின்னழுத்த வாகனத்தை அஞ்சாமலும் அலட்சியமின்றியும் திருத்தத் தெரிந்த இளைஞர் சிலர் கந்தப்பளையில் உருவாகியிருப்பர். வரும் ஆண்டுகளில் அத்தொழில் அவர்க்குச் சோறு போடும்.