தூக்க மாத்திரையைக் குறைக்கும்போது துணை மருந்துகள்

அல்பிரசோலம், குளோனாசிபம், லோராசிபம் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் திடீரென நிறுத்தவே கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில், 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைத்துத் தொடங்குவது நல்லது. சிலருக்கு, உடலில் நீண்ட நேரம் தங்கும் டயசிபத்துக்கு மாற்றிவிட்டுக் குறைப்பார்கள்.

இடையில் படபடப்பும் கைநடுக்கமும் வந்தால் புரொப்ரனலால் எழுதித் தரலாம். அது இதயத் துடிப்பைத் தணிக்குமே தவிர வலிப்பைத் தடுக்காது. அதனால் உடம்பு தேறியதுபோல் தோன்றினாலும் பழைய மாத்திரையை அவசரமாகக் குறைத்துவிடாதீர்கள். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது.

ஏற்கெனவே பதற்றநோயோ மனச்சோர்வோ இருந்தால், அதற்கான மருந்து பலன் தர சில வாரங்கள் பிடிக்கும். அதை முன்கூட்டியே தொடங்கலாமா என்று கேளுங்கள். தூக்கமின்மைக்கு இன்னொரு தூக்க மாத்திரையைத் தேடுவதைவிட, தூக்கத்துக்கான மனநலப் பயிற்சி மேல்.

பலர் கவனிக்காத ஒன்று: முதுகுவலிக்குத் தரும் டிரமடால் வலிப்பு அபாயத்தைக் கூட்டும். பல் மருத்துவரிடம் போனாலும் தூக்க மாத்திரையைக் குறைத்துவருவதைச் சொல்லுங்கள். மது வேண்டவே வேண்டாம்.

குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். மனம் தளர்ந்தால் டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.