லயத்து நம்பரும் கம்ப்யூட்டர் நம்பரும்

திருகோணமலையில் நிலாவெளி வீதி, கோணேசபுரியில் இருக்கிற வளாகத்தில் நம்ம தோட்டத்துப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். லீவுக்கு வந்த ஒரு பிள்ளை, "சப்நெட் கணக்குதான் வருதில்ல, சோதனை கிட்ட வந்திருச்சு" என்றது. நாமும் கூட உட்கார்ந்து பார்த்தோம்.

விலாசம் சரியில்லாமல் கடிதம் ஆபீசில் கிடந்து, பிள்ளைக்கு இன்டர்வியூ தவறிப்போன கதை நமக்குப் புதிதல்ல. கம்ப்யூட்டருக்கும் விலாசம் வேண்டும். 192.168.10.70 என்று நாலு எண். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. முன்பகுதி லயத்து நம்பர், பின்பகுதி காம்பரா நம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் பிரிகிறது என்று காட்டுவதுதான் சப்நெட் மாஸ்க்.

மாஸ்க் 255.255.255.224 என்றால், 256இல் 224ஐக் கழியுங்கள். 32 வரும். லயத்துக்கு 32 நம்பர். லயங்கள் 0, 32, 64, 96 என்று 32, 32 ஆகத் தொடங்கும். நம்ம 70, 64க்கும் 95க்கும் இடையில். இதில் 64 லயத்தின் பெயர். 95 அந்தக் காலத்துப் பெரட்டுத் தப்பு மாதிரி. அடித்தால் லயம் முழுக்கக் கேட்கும். இரண்டையும் எந்தக் கம்ப்யூட்டருக்கும் கொடுக்கக் கூடாது. மிச்சம் 65 முதல் 94 வரை, 30தான். பிள்ளை 32 என்று எழுதியிருந்தது, பிழை அங்கேதான்.

பக்கத்து மேசைக் கம்ப்யூட்டருக்கு 100 கொடுத்தால் அது அடுத்த லயம். ஒரே அறையில் இருந்தாலும் நடுவில் ரவுட்டர் இல்லாமல் 70உடன் பேசாது.

மாஸ்க்கின் கடைசி எண் 240 ஆனால்? பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். 70 இருக்கிற லயத்தில் கொடுக்கக்கூடியது 65 முதல் 78 வரை.